நள்ளிரவில் வெடித்த குவாரி: ஏற்காடு நில அதிர்வுத் தரவு சர்வரில் ஒரு தீபாவளி வாரம்

பின்னணி

சேலத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் ஒரு சிறிய சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று இடங்களில் இருக்கும் நில அதிர்வுக் கருவிகளிலிருந்து தரவை வாங்கி, கேட்டுப் பதிந்துகொண்ட கிளையன்ட்களுக்கு உடனுக்குடன் அனுப்புவதுதான் அதன் வேலை. ஒரு கருவி ஏற்காட்டில், ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய பம்ப் ரூமில். இன்னொன்று கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில். மூன்றாவது ஆத்தூர் சாலையில் ஒரு நண்பரின் தோட்டத்து வீட்டில்.

சேலத்தில் எதற்கு இது என்று கேட்பவர்கள் உண்டு. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893, அதன் 2016 பதிப்பில் சேலம் மூன்றாம் மண்டலத்தில், அதாவது நடுத்தர ஆபத்துப் பகுதியில், இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவுக்கு ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. அதைவிட அன்றாடக் காரணம் ஒன்று: இந்தப் பக்கம் கல்குவாரிகள் அதிகம். பொருட்கள் அதிர்ந்தால் அது வெடியா, பூமியா என்று ஊரில் பேச்சு கிளம்பும், அதற்குப் பதில் சொல்ல ஊருக்குள்ளேயே ஒரு பதிவு இருக்க வேண்டும் என்று சிலர் சேர்ந்து ஆரம்பித்தோம்.

ஏற்காட்டு இடம் நல்ல இடம். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை, பம்ப் ரூம் தரை நேராகப் பாறை மேலேயே போட்டது, அதனால் கருவி பாறையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கருவிகள் மூன்றும் நாங்களே கட்டியவை: அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன், அதை எண்களாக்கும் 24 பிட் டிஜிட்டைசர், அதன் பின்னால் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி. ஏற்காட்டில் மூன்று திசைக்கும் ஒவ்வொரு ஜியோபோன், மற்ற இரண்டு இடத்திலும் செங்குத்துத் திசை மட்டும். ஆக மொத்தம் ஐந்து சேனல், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 100 மாதிரி.

அமைப்பு எப்படி இருந்தது

தரவு போகும் முறைக்கு சீட்லிங்க் என்று பெயர். ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரத்து ஜியோஃபோன் குழுவிடமிருந்து வந்து, இன்று உலகம் முழுக்க நில அதிர்வு நிலையங்கள் பயன்படுத்தும் நெறிமுறை. நாங்கள் ஓட்டும் பழைய பதிப்பில் ஒவ்வொரு பாக்கெட்டும் 520 பைட். முதல் 8 பைட்டில் 'எஸ்எல்' என்ற இரண்டு எழுத்தும் ஆறு இலக்க ஹெக்ஸ் வரிசை எண்ணும், மீதி 512 பைட்டில் நில அதிர்வுத் தரவுக்கான மினிசீட் வடிவத்தில் ஒரு பதிவும் இருக்கும். கிளையன்ட் 18000 போர்ட்டில் வந்து, எந்த நிலையம், எந்த சேனல் என்று சொல்லி, கடைசியாக வாங்கிய வரிசை எண்ணையும் சொன்னால், சர்வர் அந்த எண்ணுக்கு அடுத்ததிலிருந்து கொடுக்கும். எண் சொல்லாமல் கேட்டால் இனிமேல் வருவதை மட்டும் கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் கீழே சொல்லப்போகும் பாதிக் கதை நிற்கிறது.

ஒவ்வொரு ராஸ்பெரி பையிலும் ஒரு சின்ன சீட்லிங்க் சர்வர் உண்டு, அது சில நாள் தரவைத் தன்னிடம் வைத்திருக்கும். கல்லூரியில் ரிங்சர்வர் என்ற மென்பொருள்: வருவதை ரிங் என்ற நிலையான அளவுக் கோப்பில் வைத்து, அது நிறைந்ததும் மிகப் பழையதன் மேல் புதியதை எழுதும். மூன்று கருவிகளிடமிருந்தும் வாங்கி டேட்டாலிங்க் என்ற இன்னொரு நெறிமுறை வழியாக ரிங்சர்வருக்குள் தள்ள, இடையில் ஸ்லிங்க்2டிஎல் என்ற சிறு நிரல். ஏற்காட்டில் இணைப்பு 4ஜி மோடம்தான், வெளியிலிருந்து அதற்கு நேராகப் போக முடியாது என்பதால் கருவியே கல்லூரிக்கு ஒரு வயர்கார்டு டன்னல் (தனி விபிஎன் இணைப்பு) போட்டு வைத்திருக்கும். உள்ளே வரும் எல்லாவற்றையும் ரிங்சர்வர் நாள்வாரிக் கோப்புகளாக வட்டிலும் எழுதி வைக்கும்.

சந்தாதாரர்கள் அப்போது நான்கு வகை. வகுப்பறைத் திரை, குவாரி வெடிகளைப் பட்டியலிடும் ஒரு முதுகலை மாணவியின் கணினி, வெளியூர் ஆய்வாளர் ஒருவர், அப்புறம் ஆய்வக வகுப்பு நடக்கும்போது மட்டும் வரும் மாணவர் கணினிகள். ஜனவரியில் தொடங்கி ஒன்பது மாதம் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. அதாவது, திரையில் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது, நானும் அதைப் பார்த்துத்தான் சரி என்று முடிவு செய்திருந்தேன்.

நடந்தது

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், வடகிழக்குப் பருவமழையில், மலையில் காலை ஒன்பதரைக்கு ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பி மேல் விழுந்தது. இதை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். கருவி 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரியில் தொடர்ந்து ஓடியது. மதியம் மூன்று மணிக்குள் மொபைல் டவரும் அடங்கிவிட்டது, கல்லூரிக்கு ஏற்காட்டுத் தரவு நின்றது. இரவு 9.40 வாக்கில் பேட்டரியும் தீர்ந்தது. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு மின்சாரம் வந்தது, ஆனால் டவர் அன்று இரவு ஏழரைக்குத்தான் எழுந்தது. எழுந்ததும் டன்னல் தானாகச் சேர்ந்து, கருவியில் தேங்கியிருந்த தரவு சில நிமிடங்களில் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்தபடியே பார்த்தேன், ஏற்காட்டுக் கோடு திரும்ப நகர்ந்தது, பின்னால் ஒரே ஒரு இடைவெளி. நிம்மதியாக இருந்தது.

இதற்கிடையில் இரண்டாம் நாள் இரவு எட்டு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிய உதவியாளர், வழக்கப்படி மாணவியின் கணினியையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் தவறு இல்லை, விடுமுறைக்கு அணைக்கச் சொல்லி சுற்றறிக்கையே உண்டு. ஆறாம் நாள் காலை எட்டரைக்கு அது மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று மாலைக்குள் எனக்கு இரண்டு புகார் வந்தது.

முதல் புகார்: ஒன்றரை நாள் எங்கே

மாணவி கேட்டது நேரான கேள்வி. "சார், ஸ்டேட் ஃபைல் வச்சுத்தான் ஓட்டுறேன், நிறுத்தின இடத்துலிருந்து வரணும்ல? மூணு நிலையத்துக்கும் ஒன்றரை நாள் டேட்டா இல்லை. ஏற்காட்டுக்கு லேட்டா வந்தது எதுவுமே என்கிட்ட இல்லை."

ஸ்டேட் ஃபைல் என்பது கடைசியாக வாங்கிய வரிசை எண்ணைக் கிளையன்ட் குறித்து வைக்கும் கோப்பு. அவருடைய கணினி அணைந்திருந்தது சுமார் 84 மணி நேரம், மூன்றரை நாள். அப்படியே இருந்தாலும் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் ரிங் அளவாக 1 ஜிபி கொடுத்திருந்தேன், அமைக்கும்போதே கணக்கும் போட்டிருந்தேன்: நொடிக்கு 100 மாதிரி, சுருக்கி வைத்தால் ஒரு 512 பைட் பதிவில் மூன்றரை நொடி அளவுக்கு அடங்கும். ஒரு சேனலுக்கு நாளைக்கு சுமார் 25,000 பதிவு, ஐந்து சேனலுக்கு 1,25,000. அது 64 எம்பி. 1 ஜிபி என்றால் 16 நாள் தாங்கும்.

ரிங்சர்வரின் நிலைப் பக்கத்தைத் திறந்தேன். மிகப் பழைய பாக்கெட் இரண்டு நாளுக்கு முந்தையது. மொத்த இடம் சுமார் 2,54,000 பாக்கெட். 16 நாளுக்கு 20 லட்சம் அல்லவா இருக்க வேண்டும்?

அமைப்புக் கோப்பில் இன்னொரு வரி இருந்தது. மேக்ஸ்பாக்கெட்சைஸ் 4096. என்றாவது பெரிய பதிவு வந்தால் நிராகரிக்கக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாக நான் போட்ட வரி. இந்த ரிங் எப்படி வேலை செய்கிறது என்றால், கோப்பை ஒரே அளவு அறைகளாகப் பிரித்துவிடும், ஒவ்வொரு அறையும் அந்த அதிகபட்ச அளவும் கொஞ்சம் தலைப்பும் சேர்ந்தது. உள்ளே 512 பைட் பதிவு வந்தாலும் 4096க்கான அறை முழுவதும் அதற்கே போய்விடும். படி அரிசி கொட்ட மூட்டை மூட்டையாகச் சாக்கை அடுக்கின மாதிரி. எட்டில் ஏழு பங்கு இடம் காலி. 2,54,000 அறையை நாளைக்கு 1,25,000 வீதம் நிரப்பினால் இரண்டே நாள். மூன்றாம் நாள் இரவு ஏற்காட்டிலிருந்து தாமதமாக வந்தவை ஐந்தாம் நாள் இரவுக்குள் மேலெழுதப்பட்டுவிட்டன. மாணவியின் கணினி வந்து தன் பழைய எண்ணைச் சொன்னபோது அந்த எண் ரிங்கில் இல்லை. இருந்ததில் பழையதிலிருந்துதான் அதற்குக் கிடைத்தது.

தரவு நிரந்தரமாகத் தொலையவில்லை, வட்டில் நாள்வாரிக் கோப்புகளில் இருந்தது. அதை அன்றே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் சந்தாதாரர் கேட்டு, கண்டுபிடித்து, நான் கையால் எடுத்துக் கொடுக்கும் நிலை இருந்தால் அது ஓடை (ஸ்ட்ரீமிங்) சர்வர் ஆகாது. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அவருடைய வெடிப் பட்டியலில் தீபாவளி வாரம் அமைதியான வாரமாகப் பதிவாகியிருக்கும்.

இரண்டாவது புகார்: இரவு 11.57க்கு ஒரு வெடி

வெளியூர் ஆய்வாளரின் நிரல் ஒருநாளும் அணையாது, அதனால் அவருக்கு எல்லாமே வந்து சேர்ந்திருந்தது. அவர் எழுதியது வேறு. முதல் நாள் இரவு 11.57க்கு ஏற்காட்டில் குவாரி வெடி போலத் தெளிவான ஒரு பதிவு இருக்கிறது, சேலத்திலும் ஆத்தூர் சாலையிலும் அந்த நேரத்தில் எதுவும் இல்லை. இரவில் யார் வெடி வைக்கிறார்கள்? விடியற்காலை 3.12க்கும் இன்னொன்று.

எஸ்டேட் மேஸ்திரிக்குப் போன் செய்தேன், ராத்திரி வெடிச் சத்தம் ஏதாவது கேட்டதா என்று. அவர் சொன்ன பதில்தான் முடிச்சை அவிழ்த்தது. "ராத்திரிங்களா? அன்னைக்கு ஒம்பதே முக்காலுக்கு நான் டார்ச் அடிச்சுப் பாத்தேனுங்க சார், உங்க பொட்டியில லைட்டே எரியலீங்களே. பேட்டரி செத்துப் போச்சு. அப்புறம் எப்படிங்க பன்னெண்டு மணிக்கு அது எழுதும்?"

ஓடாத கருவி எழுதியிருக்க முடியாது. அப்படியென்றால் அந்தத் தரவு அந்த நேரத்துத் தரவு இல்லை.

ராஸ்பெரி பையின் பலகையில் தனியாகக் கடிகாரம் கிடையாது, நாங்கள் பயன்படுத்திய மாதிரியில் இல்லை. அணைந்து எழும்போது கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கும், நெட் கிடைத்ததும் என்டிபி (நெட் வழியாக நேரம் வாங்கும் முறை) மூலம் சரியான நேரத்துக்குத் தாவும். சேமிப்பது மணிக்கு ஒருமுறை, 17ஆவது நிமிடத்தில். முதல் நாள் இரவு 9.17க்குச் சேமித்தது, 9.40க்கு அணைந்தது. மூன்றாம் நாள் காலை 10.30க்கு மின்சாரம் வந்து எழுந்தபோது அதைப் பொறுத்தவரை இன்னும் முதல் நாள் இரவு 9.17. டவர் இல்லாததால் திருத்த ஆளில்லை. இரவு 7.30 வரை ஒன்பது மணி நேரம் அப்படியே பதிவு செய்திருக்கிறது, 37 மணி 13 நிமிடம் பின்தங்கிய நேரத்தோடு. மூன்றாம் நாள் மதியம் 1.10க்கும் 4.25க்கும் சேலம் கருவியில் இரண்டு வெடி தெளிவாக இருக்கிறது. 37 மணி 13 நிமிடத்தைக் கழித்தால் 11.57, 3.12.

இது ஏன் என் கண்ணில் படவில்லை என்பதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். கருவி உண்மையில் நின்றிருந்தது 36 மணி 50 நிமிடம். திரையில் தெரிந்த இடைவெளியோ 37 மணி 13 நிமிடம், இடம் மட்டும் மாறியிருந்தது. மொத்த நீளம் ஏறக்குறைய எதிர்பார்த்த அளவே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஒரே ஒரு தடயம் இருந்தது: 9.17 முதல் 9.40 வரை 23 நிமிடத்துக்கு ஒரே சேனலில் ஒரே நேரத்துக்கு இரண்டு தரவு. எங்கள் கண்காணிப்பு நிரல் இடைவெளியை மட்டும் தேடியது, மேற்பொருத்தத்தைத் தேடவில்லை. அப்புறம் இன்னொன்றும் உண்டு, பார்க்கத் தெரிந்திருந்தால் வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்கும்: விடுமுறை நாளில் ஏற்காட்டுச் சாலையில் வண்டி நெரிசல், அந்தப் பகல் இரைச்சல் முழுவதும் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை பதிவாகியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் அந்த ஒன்பது மணி நேரத் தரவை என்ன செய்வது. 37 மணி 13 நிமிடத்தைக் கூட்டித் திருத்தி வெளியிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் மறுத்தேன். நேரம் திருத்தப்படாத ராஸ்பெரி பையின் கடிகாரப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒன்பது மணி நேரத்தில் 0.65 நொடி பிசகு சேரும். இந்தப் பாறையில் முதன்மை அலை நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் போகும், 0.65 நொடி என்றால் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் வளைந்து வளைந்து போனாலே 30 கிலோமீட்டர்தான், நேர்கோட்டில் அதைவிடக் குறைவு. இவ்வளவு சின்ன வலையில் அந்தப் பிசகோடு எந்தக் குவாரி என்று யாரையும் கைகாட்டக் கூடாது. அதனால் கோப்புகளை அழிக்காமல் தனி அடைவுக்கு நகர்த்தி, நேரம் தவறு என்று குறிப்பு எழுதி, பொதுக் காப்பகத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஆய்வாளருக்கும் மாணவிக்கும் அன்றே தெரிவித்தேன்.

அடுத்தது ரிங். மேக்ஸ்பாக்கெட்சைஸை 512க்கு இறக்கி, ரிங்சைஸை 4 ஜிபிக்கு ஏற்றினேன். தலைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 50 நாளுக்குக் குறையாமல் தாங்கும். இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். நான் அளவை ஜிபியில் யோசிப்பதை விட்டுவிட்டு, ஒரு சந்தாதாரர் அதிகபட்சம் எத்தனை நாள் காணாமல் போகக்கூடும் என்று கேட்டுக்கொண்டேன். செமஸ்டர் விடுமுறை ஒரு மாதம். அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வட்டில் 4 ஜிபி இன்று ஒரு பொருட்டே கிடையாது.

அளவை மாற்றினால் ரிங்கைப் புதிதாகக் கட்ட வேண்டும், பழைய வரிசை எண்கள் போய்விடும். அதில் ஒரு நன்மையும் இருந்தது: ரிங்கிலிருந்து தனியாகச் சில பாக்கெட்டை மட்டும் பிடுங்க வழி கிடையாது, புதிதாகக் கட்டினால் பழைய குப்பை எதுவும் அதில் மிஞ்சியிருக்குமோ என்ற கேள்வியே எழாது. சர்வரை நிறுத்தி, பழைய ரிங் கோப்புகளை ஒதுக்கி, சுத்தம் செய்த காப்பகத்தை, மினிசீட் கோப்புகளைப் படித்து ரிங்கில் ஏற்றும் எம்சீட்ஸ்கேன் வசதி மூலம் நாள் வரிசைப்படி உள்ளே விட்டேன். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ரிங்கில் வரிசை என்பது வந்து சேர்ந்த வரிசை, அதனால் இப்படி நிரப்பும்போது இணைந்திருக்கும் கிளையன்ட்டுக்குப் போன வாரத் தரவு இன்று வருவது போலப் போகும். ஆகவே நான்கு சந்தாதாரருக்கும் முதல் நாளே எழுதி, ஸ்டேட் ஃபைலை அழித்துவிட்டு, வேண்டிய தேதியைச் சொல்லி நேர வரம்போடு ஒருமுறை கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஓடையில் சேரச் சொன்னேன். நிரப்பி முடியும் வரை 18000 போர்ட்டை ஃபயர்வாலில் மூடி வைத்தேன்.

கருவியின் நேரம்தான் பெரிய விவாதம். என்டிபி கிடைக்கும் வரை பதிவையே தொடங்காதே என்று வைத்துவிடலாம், ஒரு வரி வேலை. ஆனால் மலையில் மின்சாரம் வந்து டவர் வராத மணிநேரங்கள் மழைக்காலத்தில் சகஜம், அந்த நேரமெல்லாம் பதிவு இல்லாமல் போகும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தலாம், சில நூறு ரூபாய், காசு பேட்டரியில் ஓடும். அது பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிசகும், ஒரு நாளுக்கு 0.17 நொடி. முந்தாநாள் இரவு என்று பொய் சொல்லாது, ஆனால் அலை வந்த நேரத்தை அதை நம்பி எழுத முடியாது. கடைசியில் இரண்டையும் வைத்தோம்: கடிகாரச் சில்லும், நொடித்துடிப்பு தரும் ஜிபிஎஸ் ரிசீவரும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஆன்டெனாவை மட்டும் பம்ப் ரூம் ஓட்டுக்கு மேலே ஒரு குழாயில் உயர்த்த வேண்டியிருந்தது, சில்வர் ஓக் நிழலில் முதல் இரண்டு நாள் செயற்கைக்கோள் சரியாகப் பிடிக்கவில்லை.

கூடவே மினிசீட் பதிவிலேயே நேரத் தரத்தை எழுதத் தொடங்கினோம். பதிவில் 1001 என்ற பிளாக்கெட்டில், அதாவது கூடுதல் தகவல் பகுதியில், 0 முதல் 100 வரை நேரத் தரம் சொல்ல இடம் இருக்கிறது, கடிகாரம் சரியான நேரத்தோடு பூட்டப்பட்டதா என்று சொல்லப் பதிவின் தலைப்பில் ஒரு பிட்டும் இருக்கிறது. இதுவரை அந்த இடத்தை நாங்கள் காலியாக விட்டிருந்தோம். இப்போது ஜிபிஎஸ் பூட்டியிருந்தால் 100, சில்லை மட்டும் நம்பி ஓடினால் நேரம் ஆக ஆகக் குறையும் எண். நேரத்தைப் பற்றிக் கருவிக்கே சந்தேகம் இருந்தால் அது பதிவோடு சேர்ந்தே சந்தாதாரர் கைக்குப் போக வேண்டும், என் நினைவிலோ ஒரு மின்னஞ்சலிலோ இருந்து பயனில்லை.

மற்றவை சின்ன மாற்றங்கள். ஸ்லிங்க்2டிஎல் இணைப்பு செத்ததை உணர 600 நொடி எடுத்துக்கொண்டது, அதை 120 ஆக்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் உயிர்ப்புச் செய்தியும் அனுப்பச் செய்தேன். ஸ்டேட் ஃபைலை 50 பாக்கெட்டுக்கு ஒருமுறை எழுத வைத்தேன். ஆய்வக வகுப்பில் 24 கணினியும் ஒரே ஐபியில் வெளியே தெரிவதால் ஒரு ஐபிக்கான இணைப்பு வரம்பை 40க்கு உயர்த்தினேன். டேட்டாலிங்க் போர்ட்டுக்கு எழுதும் உரிமை சர்வருக்குள்ளேயே மட்டும் என்று ஏற்கெனவே இருந்தது, அதைத் தொடவில்லை. ஏற்காட்டு பேட்டரியை 7லிருந்து 40 ஏஹெச் ஆக்கினோம், மோடத்தோடு சேர்த்து மூன்று நாள் வரும்.

பிடுங்கிப் பார்த்தது

இந்த முறை திரையில் கோடு நகர்வதைப் பார்த்துவிட்டு எழுந்து போக எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தோம். நான் கல்லூரியில், மாணவி தன் கணினியில், மேஸ்திரி பம்ப் ரூமில் போனோடு.

மோடத்தை இரண்டு மணி நேரம் பிடுங்கினோம், தரவு முழுவதும் வந்து சேர்ந்தது. கருவியை அணைத்து, மோடம் இல்லாமலேயே எழுப்பினோம். எழுந்த முதல் நொடியிலிருந்தே தேதி சரி, முதல் நான்கு நிமிடம் நேரத் தரம் குறைவாகவும் ஜிபிஎஸ் பூட்டியதும் 100 ஆகவும் வந்தது. மாணவி தன் நிரலை ஒழுங்காக நிறுத்தாமல் மின்சாரத்தையே பிடுங்கினார். திரும்ப வந்தபோது கடைசியாக எழுதிய ஸ்டேட்டிலிருந்து சில பாக்கெட் இரண்டாம் முறை வந்தது, ஒன்றும் விடுபடவில்லை. இரண்டு முறை வருவதைச் சமாளிப்பது கிளையன்ட்டின் வேலை என்று அவரும் ஒப்புக்கொண்டு, தன் நிரலில் ஒரு சோதனையைச் சேர்த்தார்.

கடைசியாகச் சர்வர். இதைச் செய்ய எனக்குத் தயக்கம்தான், ஆனாலும் பிளக்கைப் பிடுங்கினேன். ரிங்சர்வர் எழுந்தபோது ரிங் கோப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பழையதை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் ரிங்கோடு தொடங்கியது. 50 நாள் நினைவு ஒரே நொடியில் காலி. காப்பகத்திலிருந்து மறுபடி நிரப்ப 40 நிமிடம் ஆனது. இந்த ஒரு சோதனை இல்லாவிட்டால் இதை இன்னொரு மழைநாளில்தான் கண்டுபிடித்திருப்போம். சர்வருக்குத் தனி யுபிஎஸ் வாங்கி, அதன் பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் ரிங்சர்வரை ஒழுங்காக நிறுத்திவிட்டு இயந்திரம் அணையும்படி அமைத்தேன். காலி ரிங்கோடு எழுந்தால் நிரப்பி முடியும் வரை போர்ட்டைத் திறக்காத ஒரு சிறு ஸ்கிரிப்ட்டும் இப்போது உண்டு.

பின்பு வந்த மின்வெட்டு

டிசம்பரில் ஒரு மழையில் மலையில் 31 மணி நேரம் மின்சாரம் இல்லை, அதில் 26 மணி நேரம் டவரும் இல்லை. பேட்டரி தாங்கியது. டவர் வந்ததும் தேங்கியிருந்த 40 எம்பி சொச்சம் கால் மணி நேரத்துக்குள் வந்தது. இடைவெளி இல்லை, மேற்பொருத்தம் இல்லை, நேரத் தரம் முழுக்க 100. ஆய்வாளரிடமிருந்து அன்று கடிதம் எதுவும் வரவில்லை. மாணவி அரையாண்டு விடுமுறைக்கு 19 நாள் தன் கணினியை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து ஓட்டியபோது எல்லாம் வரிசையாக வந்தது. இதற்காக நான் எதையும் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுபடி அமைத்தால்

முதல் நாளே சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் கணினி அதிகபட்சம் எத்தனை நாள் அணைந்திருக்கும்? இதற்கான பதில்தான் ரிங்கின் அளவு. நான் கேட்டிருந்தால் மாணவி அன்றே ஒரு மாதம் என்று சொல்லியிருப்பார். அமைத்து முடித்ததும் நிலைப் பக்கத்தில் அதிகபட்ச பாக்கெட் எண்ணிக்கையை ஒரு நாள் வரத்தால் வகுத்துப் பார்ப்பேன், ஒரு நிமிட வேலை.

கண்காணிப்பு நிரல் இப்போது மேற்பொருத்தத்தையும் தேடுகிறது. பகல் இரைச்சலையும் இரவு இரைச்சலையும் ஒப்பிட்டு, தலைகீழாக இருந்தால் எச்சரிக்கும் ஒரு சோதனையை மாணவி எழுதிக்கொண்டிருக்கிறார். திருவிழா நாட்களில் அது தவறாகக் கூவுகிறது, மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவின்போது சரிபார்த்த பிறகுதான் அதை நிரந்தரமாகப் போட வேண்டும்.

ஆத்தூர் சாலைக் கருவியில் கடிகாரச் சில்லு மட்டும் வைத்திருக்கிறோம், ஜிபிஎஸ் இன்னும் வைக்கவில்லை. அங்கே நெட் அறுவது குறைவு என்று தள்ளிப்போட்டேன், சித்திரை இடிமழைக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். 37 மணி 13 நிமிடம் பின்தங்கிய அந்த ஒன்பது மணி நேரக் கோப்புகள் தனி அடைவிலேயே இருக்கின்றன, கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.